கேக்கைத் திருப்பிக் கேட்ட சம்பந்தி

லெசியேலி வருகிறாள் என்று தெரிந்தால் அவள் தம்பி மனைவி பிசிலா முதலில் செய்கிற காரியம், நல்ல சட்டியை எடுத்துத் துணி துவைக்கும் மெஷினுக்குள் ஒளித்து வைப்பதுதான். ஒளித்து வைத்தும் பிரயோஜனம் இல்லை. லெசியேலி வாசலில் வேனை நிறுத்தும்போதே மூக்கை உயர்த்தி, "புதுச் சட்டி வாங்கியிருக்கீங்க போல?" என்பாள். எப்படித்தான் தெரியுமோ, அது அவளுக்கும் ஆண்டவருக்கும்தான் வெளிச்சம். அப்புறம் என்ன, பிசிலா சட்டியை வெளியே எடுத்து, துடைத்து, பையில் போட்டு, வேன் வரைக்கும் தானே தூக்கிக்கொண்டு வந்து வைப்பாள். முகம் நிறையச் சிரிப்பு இருக்கும். பல் மட்டும் கடிபட்டபடி இருக்கும்.

இதில் திருட்டும் இல்லை, பிச்சையும் இல்லை. டோங்காக்காரர் வீட்டில் அப்பாவின் அக்கா என்றால் அப்படித்தான். நம் பக்கம் தாய்மாமனுக்குச் சபையில் என்ன மதிப்போ, அதைப் பத்து மடங்காக்கி அத்தை தலையில் வைத்துவிட வேண்டியது. கல்யாணமா, சாவா, பிள்ளைக்கு முதல் பிறந்தநாளா, அத்தை முன்வரிசைப் பாயில் உட்காருவாள். நல்ல பாய், நல்ல மரப்பட்டைத் துணி, பன்றியில் நல்ல பாகம் எல்லாம் அவள் முன்னால் வந்து இறங்கும். தம்பி பிள்ளைகள் அவளிடம் எதிர்த்துப் பேசக் கூடாது. அவள் எடுத்ததைத் திருப்பிக் கேட்கவே கூடாது.

லெசியேலி ஆக்லாந்துக்கு வந்தபோது அவளுக்கு முன்வரிசைப் பாயும் கிடையாது, ஒன்றும் கிடையாது. விமானத்தில் சாப்பாடு கொடுக்கிற தட்டுகளைக் கழுவி அனுப்புகிற ஒரு கொட்டகையில் வேலை. நாள் முழுக்க ஆவியும் சோப்புத் தண்ணீரும். யாரோ பாதி தின்றுவிட்டு வைத்த கோழியைப் பார்த்தே இந்த விமானம் எந்த ஊரிலிருந்து வந்தது என்று சொல்லிவிடுவாள். தம்பி கெலேபி பின்னால் வந்தான். விசா முடிந்தும் ஊர் திரும்பாமல் இருந்தான். போலீஸ்காரர்கள் விடிகிற நேரத்தில் கதவைத் தட்டி, தீவுக்காரர்களை எழுப்பிக் கணக்குக் கேட்ட காலம் அது.

ஒரு நாள் இவர்கள் கதவையும் தட்டினார்கள். லெசியேலி யோசிக்கவில்லை. ஊரிலிருந்து வந்திருந்த பெரிய பாயை விரித்தாள், தம்பியை அதில் படுக்கவைத்துச் சுருட்டினாள், சுருட்டிய பாய்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டாள். போலீஸ்காரர் சமையலறை, குளியலறை, அலமாரி எல்லாம் பார்த்துவிட்டு இவளைப் பார்த்தார். "உட்கார நாற்காலி இல்லையா?" என்று கேட்டார். "எங்களுக்கு இதுதான் நாற்காலி" என்றாள். போனபிறகு பாயைப் பிரித்தால், கெலேபி உயிரோடு இருந்தான், ஆனால் அக்கா முகத்தைப் பார்க்கவில்லை. அக்காளும் தம்பியும் ஒரே அறையில் உட்கார்ந்து டிவிகூடப் பார்க்காத குடும்பம் அது. அப்படியிருக்க அக்கா தம்பிமேல் உட்கார்ந்ததை எங்கே போய்ச் சொல்வது? இருவரும் இன்றுவரை அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. ஊர் முழுக்கப் பேசிச் சிரித்தது, அது வேறு.

லெசியேலி கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கேட்டால், "ஒருத்தன் வந்தான். என்னை ஒரு தடவை பாத்தான், என் வேனை மூணு தடவை சுத்திப் பாத்தான். வேனையும் குடுக்கல, என்னையும் குடுக்கல" என்பாள். பிள்ளை இல்லையே என்று யாராவது உச்சுக்கொட்டினால் அவளுக்குக் கோபம் வரும். கெலேபியின் மூத்த பெண் லோசேயை இடுப்பில் தூக்கி வளர்த்தது யார்? பிசிலா கோழிப் பண்ணைக்கு வேலைக்குப் போன நாளெல்லாம் அந்தப் பெண் லெசியேலி வீட்டில்தான் சாப்பிட்டாள், தூங்கினாள், பால்பல் விழுந்து அழுதாள், பள்ளிக்கூடத்துக்குப் போகமாட்டேன் என்று வேனுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டாள். அந்தப் பெண்தான் வளர்ந்து, பல் டாக்டரிடம் உதவிக்கு நிற்கிற வேலைக்குப் போய், அங்கே கடைவாய்ப்பல் பிடுங்கிக்கொள்ள வந்த கிரெக் என்ற வெள்ளைக்காரப் பையனைக் கல்யாணம் செய்துகொண்டாள். எலக்ட்ரீஷியன், நல்ல பையன். பல் பிடுங்கும்போது இவள் கையைப் பிடித்துக்கொண்டான், அப்புறம் விடவில்லை.

கல்யாணம் அவர்கள் பகுதியான மாங்கரேயில், சர்ச்சில் நடந்தது. விருந்து பக்கத்து மண்டபத்தில். கிரெக்கின் அம்மா ஜேனட், துறைமுகப் பாலத்துக்கு அந்தப் பக்கத்திலிருந்து மூன்றடுக்குக் கேக்கோடு வந்திருந்தாள். தானே செய்தது. கீழே பெரியது, நடுவில் நடுத்தரம், மேலே ஊசி சொருகி வைக்கிற குட்டித் தலையணை அளவுக்குச் சின்னதாய் ஒன்று, வெள்ளைச் சர்க்கரைப் பூவோடு. ஜேனட் அதைக் கார் இருக்கையில் வைத்து, பெல்ட் மாட்டிக் கொண்டுவந்தாள். கணவன் இல்லாதவள். பக்கத்து இருக்கையில் கேக்கும் பின்னால் மகள் ஹெதரும்.

மண்டபத்தில் லெசியேலியைப் பார்க்க வேண்டுமே. டோங்கா வழக்கப்படி இடுப்பில் பழைய நயமான பாயைச் சுற்றி, கழுத்தில் மாலையோடு, முன்வரிசையில் ராணிபோல் உட்கார்ந்திருந்தாள். பாய்களும் மரப்பட்டைத் துணிகளும் அவள் முன்னால் மலையாகக் குவிந்தன. பேச்சுகள் முடிந்தன, ஜெபம் முடிந்தது. கெலேபியின் பையன்கள் நான்கு பேர் எழுந்து, கேக்கின் மேலடுக்கைத் தட்டோடு தூக்கி, குனிந்தபடி கொண்டுவந்து அத்தை முன்னால் வைத்தார்கள். எல்லாரும் கைதட்டினார்கள். ஜேனட்டும் கைதட்டினாள். பத்திரமாக எடுத்துவைக்கத்தான் கொண்டுபோகிறார்கள் என்று நினைத்துக்கொண்டாள், பாவம்.

விருந்து முடிந்ததும் ஜேனட் ஒரு தகர டப்பாவைத் தூக்கிக்கொண்டு சமையல் பக்கம் போனாள்.

"மேலடுக்குக் கேக்கை எங்க வச்சிருக்கீங்க?"

"அத்தை எடுத்துட்டுப் போயிட்டாங்க" என்றாள் சேப்பங்கிழங்குப் பானை கழுவிக்கொண்டிருந்த ஒருத்தி.

"எப்போ திருப்பிக் கொண்டுவருவாங்க?"

பானை கழுவுகிற சத்தம் நின்றது. அப்புறம் சமையலறையே குலுங்கிச் சிரித்தது. நல்ல ஜோக் சொல்கிறாள் வெள்ளைக்காரி என்று ஒரு தட்டு நிறையப் பன்றிக்கறியும், சேப்ப இலையில் தேங்காய்ப்பாலும் டப்பா இறைச்சியும் பொதிந்த லூவும் கட்டிக் கொடுத்து அனுப்பினார்கள்.

லோசேயும் கிரெக்கும் தேனிலவு போய் வந்தபிறகுதான் விஷயம் வெடித்தது. மாமியார் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தபோது ஜேனட் கண்ணைத் துடைத்துக்கொள்வதை லோசே பார்த்துவிட்டாள். "அம்மாகிட்ட எங்க வழக்கத்தை முன்னாடியே சொல்லிடுன்னு சொன்னேனே" என்று கிரெக்கைப் பார்த்தாள். "நான் சொல்லிட்டேன்னு நினைச்சேன்" என்றான் கிரெக், உருளைக்கிழங்கைப் பார்த்தபடி.

லோசே நேரே அத்தை வீட்டுக்கு வந்தாள். செருப்பைக் கழற்றும்போதே சண்டைக்கு வந்தவள் என்று தெரிந்தது.

"அத்தை, அந்த மேலடுக்குக் கேக் எங்க?"

"எனக்குக் குடுத்தது. நான் என்ன பண்ணினா உனக்கென்ன?"

"கிரெக் அம்மா அதை எங்க முதல் பிள்ளை ஞானஸ்நானத்துக்கு எடுத்துவைக்க இருந்தாங்க. அவங்க வழக்கம் அது."

"பிள்ளை எங்க?"

"இனிமேதான் பொறக்கணும்."

"பொறக்காத பிள்ளைக்கு வெட்டாத கேக்கா? நல்லாருக்குடி உங்க கணக்கு. இதோ பாரு, அத்தை கைக்கு வந்தது அத்தை கையோட சரி. என் மனசு நிறைஞ்சாத்தான் உன் வயிறு நிறையும். தெரியாத மாதிரி பேசாத."

"எல்லாம் எடுத்துக்கங்க அத்தை. என் கட்டில், மெத்தை, பாய், என் தலைமுடிகூட எடுத்துக்கங்க. அந்த அம்மா ஆறு மாசமா உக்காந்து செஞ்ச கேக்கு அது. ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"யாரைக் கேக்கணும்? என் தம்பி பொண்ணு கல்யாணத்துல நான் யாரைக் கேக்கணும்?"

லோசே எழுந்துவிட்டாள். உதடு நடுங்கவில்லை, குரலும் உயரவில்லை. அதுதான் லெசியேலிக்குப் பயமாக இருந்தது.

"அந்தக் கேக்கு என் வீட்டுக்கு வர்ற வரைக்கும் நீங்களும் வராதீங்க."

போய்விட்டாள். வாசலில் விட்ட ஒரு செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு போனாள், அத்தையின் செருப்பை. லெசியேலி அதையும் கூப்பிட்டுச் சொல்லவில்லை.

அந்தக் குடும்பத்தில் இதற்கு முன் யாரும் அத்தையிடம் இப்படிப் பேசியதில்லை. இனி யார் நடுவில் நின்று சமாதானம் பேசுவது? கெலேபி பேச முடியாது, தம்பி அக்காளைக் கண்டிப்பதா? அவன் ஒரு நாள் வந்து, தெருவில் லாரியை நிறுத்தி, உள்ளேயே உட்கார்ந்திருந்துவிட்டுப் போனான். அதுவே அவனுக்குப் பெரிய தைரியம். மறுநாள் பிசிலாவை அனுப்பினான். பிசிலா சேப்பங்கிழங்கு கொண்டுவந்து வைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

"நல்லா வெந்திருக்கா அக்கா?"

"வெந்திருக்கு."

"உப்பு?"

"சரியா இருக்கு."

அவ்வளவுதான். பிசிலாவும் போய்விட்டாள். லெசியேலி அந்தக் கிழங்கைத் தின்னவில்லை. பக்கத்து வீட்டு நாய்க்கும் போடவில்லை. மேசையில் வைத்துவிட்டு, தொலைபேசியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மணி அடித்தால் எடுக்கக் கூடாது என்று முடிவு செய்திருந்தாள். அது அடிக்கவே இல்லை. அதுதான் சங்கடம்.

சனிக்கிழமை காலை லெசியேலி துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது ஜேனட்டின் கார் வந்து நின்றது. கையில் அதே தகர டப்பா.

"வாங்க சம்பந்தி" என்றாள் லெசியேலி, வாயில் கிளிப்பைக் கடித்தபடி.

"உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்னு வந்தேன். யார்கிட்டயும் சொல்லாம வந்தேன்."

"கேளுங்க."

"என் கேக் எனக்குத் திரும்ப வேணும்."

லெசியேலியின் வாயிலிருந்து கிளிப் கீழே விழுந்தது. இத்தனை வருஷத்தில் ஒருத்தர், ஒரே ஒருத்தர், அவள் எடுத்ததைத் திருப்பிக் கேட்டதில்லை. கோபம் வர வேண்டும் என்று காத்துப் பார்த்தாள். வரவில்லை. ஆச்சரியம்தான் வந்தது.

"என்கிட்ட இப்படி யாரும் கேட்டதில்ல."

"ஏன்?"

"கேக்கக் கூடாது."

"யாரு சொன்னா?"

"எல்லாருக்கும் தெரியும்."

"எனக்கு யாரும் சொல்லலையே" என்றாள் ஜேனட். அவள் கழுத்து சிவந்துபோயிருந்தது. ஆனால் டப்பாவைப் பிடித்த கை தளரவில்லை. இவளும் என்னைப்போல் பிடிவாதக்காரிதான் என்று லெசியேலிக்கு அப்போதே தெரிந்துபோயிற்று. உள்ளே கூட்டிப்போய்த் தேநீர் வைத்தாள்.

தேநீரைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டே ஜேனட் சொன்னாள்: "கல்யாணமாகி ரொம்ப வருஷம் எனக்குப் பிள்ளை இல்ல. எங்கம்மா செஞ்ச மேலடுக்குக் கேக் மட்டும் டப்பாக்குள்ள இருந்துச்சு. அப்பப்போ திறந்து ஒரு கரண்டி பிராந்தி ஊத்தி மூடுவேன். என் வீட்டுக்காரர்கூடச் சொன்னார், தூக்கிப் போடு ஜேனட், பாக்கவே கஷ்டமா இருக்குன்னு. நான் போடல. அது இருக்கிற வரைக்கும் பிள்ளை வரும்னு எனக்கு ஒரு இது. கிரெக் பொறந்தப்புறம்தான் வெட்டினோம். கல்லு மாதிரி இருந்துச்சு. அழுதுகிட்டே தின்னோம்."

லெசியேலி தன் கோப்பையைக் கையில் எடுத்தாள்.

"எங்க பக்கம், அத்தை மனசு கோணினா பொண்ணுக்குப் பிரசவம் கஷ்டப்படும்னு சொல்வாங்க. அதனாலதான் மேலடுக்கு எனக்கு வருது."

"அப்போ நாம ரெண்டு பேரும் ஒரே பிள்ளைக்காகவா சண்டை போடுறோம்?"

"சண்டை எங்க போட்டோம்? நீங்க வந்தீங்க, நான் தேத்தண்ணி வச்சேன்." அப்புறம்தான் லெசியேலிக்கு ஒன்று உறைத்தது. கோப்பையைக் கீழே வைத்தாள். "பிராந்தின்னு சொன்னீங்களே. இந்தக் கேக்குலயும் பிராந்தி இருக்கா?"

"நிறைய."

"அட ஆண்டவரே! அதை நான் போதகர் வீட்டுக்குல்ல குடுத்தேன்!"

சாராயம் தொடாத சபை அவர்களுடையது. போதகர் கிறிஸ்துமஸ் பலகாரத்தையே மோந்து பார்த்துத் தின்கிறவர். லெசியேலி ஈரத்துணியைக் கூடையிலேயே போட்டுவிட்டு வேன் சாவியை எடுத்தாள்.

வேனில் ஜேனட்டின் காலடியில் ஒரு மூட்டைத் தேங்காய், பின்னால் ஏழெட்டுப் பாய், பிசிலாவின் சட்டி. ஜேனட் கதவுப் பிடியைப் பற்றியபடியே வந்தாள்.

போதகரம்மா வாயிமோனா கதவைத் திறந்து இவர்கள் இருவரையும் சேர்த்துப் பார்த்ததுமே புரிந்துகொண்டுவிட்டாள்.

"கேக்கா? அதை ஏன் கேக்குறீங்க. ஞாயித்துக்கிழமை காலையில, பிரசங்கத்துக்கு முன்னாடி, போதகர் மூடியைத் திறந்தாரு. திறந்த வேகத்துல மூடிட்டு, வீட்டு ஜன்னல் எல்லாத்தையும் திறங்கன்னாரு. அன்னைக்குன்னு பாத்து சபை மூப்பர் ரெண்டு பேர் ஜெபத்துக்கு வந்துட்டாங்க. நான் சமையலறைக்கும் முன்னறைக்குமா கேக்கைத் தூக்கிட்டு ஓடுறேன், வாசனை என் பின்னாலயே வருது."

"தூக்கிப் போட்டுட்டீங்களா?" ஜேனட்டின் குரல் கீச்சென்றது.

"கல்யாணக் கேக்கைப் போடுவாங்களாம்மா? வயசுல மூத்தவங்களுக்குப் போகட்டும்னு ஓட்டாராவுல பாயெயா அத்தை வீட்டுக்கு அனுப்பிட்டோம்." போதகரம்மா லெசியேலியின் கையைப் பிடித்துக்கொண்டாள். "உன் பேரைச் சொல்லித்தான் அனுப்பினோம். லெசியேலி அனுப்பினாள்னு. அவங்களுக்குக் கண்ணெல்லாம் தண்ணியாம். எனக்கே மனசு குளுந்து போச்சு."

லெசியேலியின் முகம் விழுந்துபோயிற்று. வேனுக்குத் திரும்பி, சாவியைப் போட்டாள், திருகவில்லை.

"இன்னும் கொஞ்ச தூரம்தானே?" என்றாள் ஜேனட்.

"சம்பந்தி, நான் யாருக்கு அத்தை?"

"லோசேக்கு."

"பாயெயா எனக்கு அத்தை. எங்கப்பாவோட அக்கா. நான் போய் அவங்ககிட்ட எதையும் கேக்க முடியாது. லோசே என்கிட்ட கேட்ட மாதிரிதான் ஆகும்."

அப்புறம் வண்டியை எடுத்து ஓட்டிக்கொண்டே சொன்னாள். தட்டு கழுவிச் சேர்த்த காசில் முதன்முதலாக வாங்கிய தையல் மெஷினை, பாயெயா அத்தை வந்து, கையால் தடவி, "இது நல்லா இருக்கே" என்றாள். லெசியேலியே சுமந்துகொண்டுபோய் அவள் வீட்டில் வைத்துவிட்டு வந்தாள். அன்றிலிருந்து முறைக்குச் செய்வதைச் செய்வாள், மனசாரப் போவதில்லை. கல்யாணத்தில்கூட, பாயெயா அத்தைக்குப் போக வேண்டிய பங்கான கேக் போதகர் வீட்டுக்குப் போனது அதனால்தான்.

"மெஷின் போனதுக்கு நீங்க ஒண்ணும் சொல்லலையா?" என்றாள் ஜேனட்.

"என்ன சொல்றது?"

"லோசே சொன்னாளே."

லெசியேலி ஜேனட்டைத் திரும்பிப் பார்த்தாள். சிக்னல் பச்சை விழுந்து பின்னால் ஒருவன் ஹாரன் அடித்தான்.

பாயெயா அத்தை ஜன்னலோரச் சாய்வு நாற்காலியில் இருந்தாள். ஒடிசலான உடம்பு, பெரிய கண்ணாடி, மடியில் பைபிள். லெசியேலி உள்ளே நுழைந்ததும் தலையைத் தாழ்த்தித் தரையில் உட்கார்ந்தாள். ஜேனட் நாற்காலியைப் பார்த்தாள், லெசியேலியைப் பார்த்தாள், அவளும் முட்டி சடசடக்கத் தரையில் உட்கார்ந்தாள்.

"வா பிள்ள. இத்தனை வருஷம் கழிச்சு அத்தை ஞாபகம் வந்துச்சா?" என்றாள் கிழவி. "கேக்கு வந்துச்சுடி. நல்ல கேக்கு."

ஜேனட்டுக்கு டோங்கா மொழி தெரியாது. பேசுவதானால் லெசியேலிதான் பேசியாக வேண்டும். ஜேனட் விலாவில் மெதுவாக இடித்தாள். லெசியேலி வாயைத் திறந்தாள், மழை வரும்போல் இருக்கிறது என்றாள். இன்னொரு இடி விழுந்தது.

"அத்தை, அந்தக் கேக்கை நான் அனுப்பல. நான் போதகர் வீட்டுக்குக் குடுத்தேன். அவங்கதான் உங்களுக்கு அனுப்பினாங்க."

"தெரியும்" என்றாள் பாயெயா. "போதகர் பொண்டாட்டிக்குப் பொய் சொல்ல வருமா? சொல்லும்போதே காது ஆடுது. தெரிஞ்சேதான் சந்தோஷப்பட்டேன். இந்த வயசுல எந்தச் சந்தோஷத்தை வேண்டாங்கிறது?" கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "இப்ப அதைச் சொல்லவா வந்தே?"

"இல்ல அத்தை. அதைத் திருப்பிக் கேக்க வந்தேன்."

சொல்லிவிட்டாள். சொன்னபிறகு தன் குரலா அது என்று இருந்தது. நெற்றி பாயைத் தொடுகிற மாதிரி குனிந்துகொண்டாள்.

"தையல் மெஷினைக் கேக்க இத்தனை வருஷமா வாய் வரல. கேக்குக்கு வந்துருச்சா?"

"மெஷின் போனா இன்னொண்ணு வாங்கிக்கலாம் அத்தை. இது இல்லாம போனா லோசே என்னை வீட்டுக்குள்ள விடமாட்டேன்னுட்டா. எனக்கு அவளை விட்டா யாரு?"

கிழவி கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். தரையில் முட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்த ஜேனட்டைப் பார்த்தாள்.

"இந்த வெள்ளைக்காரி யாரு?"

"சம்பந்தி. கேக்கு செஞ்சது இவங்கதான்."

"இவளா உன்கிட்ட வந்து கேட்டா? நேராவா?"

"நேராத்தான்."

"தைரியசாலிதான். மாப்பிள்ளைக்கு அக்கா தங்கச்சி உண்டா?"

"ஒரு தங்கச்சி இருக்கா. ஹெதர்னு பேரு."

"அப்புறம் என்னடி? லோசேக்குப் பொறக்கிற பிள்ளைக்கு நீயா அத்தை? அந்த ஹெதர்ல அத்தை! பிள்ளைக்குன்னு எடுத்துவச்ச கேக்குன்னா அது அந்தப் பொண்ணு வீட்டுப் பக்கம்தான் போகணும். இதுகூடத் தெரியாமலா முன்வரிசையில உக்காந்திருந்தே?"

லெசியேலி நிமிர்ந்தாள். இத்தனை பிறந்தநாள், இத்தனை கல்யாணம் பார்த்தவளுக்கு இது தோன்றவே இல்லை. லோசே பெறுகிற பிள்ளைக்கு அத்தை ஒரு வெள்ளைக்காரப் பெண். ஜேனட்டிடம் திருப்பிச் சொன்னாள். ஜேனட் முதலில் விளங்காமல் விழித்தாள். "ஹெதரா? அவளுக்குத் தலை வாரவே நேரம் இருக்காதே!"

"கட்டிலுக்கடியில இருக்கு. எடு" என்றாள் பாயெயா.

லெசியேலி கட்டிலுக்கடியிலிருந்து தட்டை இழுத்தாள். மேலே சர்க்கரைப் பூ அப்படியே இருந்தது. வெள்ளைச் சர்க்கரைப் பூச்சும் அப்படியே இருந்தது. திருப்பிப் பார்த்தால் பின்பக்கம் ஒரு குகை. ஸ்பூனால் தோண்டித் தோண்டி உள்ளே பாதி காலி.

"படுத்தா தூக்கம் வரல. ஒரு ஸ்பூன் தின்னா வந்துச்சு" என்றாள் பாயெயா, ஜன்னலைப் பார்த்தபடி. "டாக்டர் சர்க்கரை கூடாதுன்னாரு. அதனால மேல இருக்கிற சர்க்கரையைத் தொடல."

லெசியேலி சம்பந்தியின் முகத்தைப் பார்க்கப் பயந்தாள். ஜேனட் குகைக்குள் எட்டிப் பார்த்தாள். தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று லெசியேலி கையை நீட்டினாள். பார்த்தால் சிரிப்பு, சத்தமே வராத சிரிப்பு, கண்ணீர் கன்னத்தில் ஓடுகிறது. பாயெயாவும் பல்லில்லாத வாயால் சிரிக்க ஆரம்பித்தாள். மிச்சக் கேக்கை டப்பாவில் வைத்து மூடினார்கள். கிளம்பும்போது பாயெயா கூப்பிட்டாள்.

"மெஷின் வேணுமாடி?"

"துருப்பிடிச்சிருக்கும் அத்தை."

"பிடிச்சுத்தான் போச்சு" என்றாள் கிழவி, கொஞ்சமும் வருத்தமில்லாமல். "அடுத்த வாரம் வா. சும்மா வா."

லோசேயின் வீட்டு வாசலில் வேன் நின்றது. ஜேனட் டப்பாவோடு இறங்கினாள். லெசியேலி இறங்கவில்லை.

"வாங்க" என்றாள் ஜேனட்.

"நீங்க போங்க. கேக்கு வரணும்னா, வந்துருச்சு. வராதேன்னு சொன்னவ வந்து கூப்பிடட்டும்."

ஜேனட் உள்ளே போனாள். டப்பா திறக்கிற சத்தம் கேட்டது. அப்புறம் கிரெக் சிரிக்கிற சத்தம். அப்புறம் லோசே வெறுங்காலோடு வெளியே வந்தாள். வேன் ஜன்னலில் கை வைத்து நின்றாள்.

"இறங்குங்க அத்தை."

"எனக்கு வீட்டுல துணி ஈரமா கிடக்கு."

"கேக்கு வர்ற வரைக்கும்னுதானே சொன்னேன்? வந்தப்புறமும் வராதீங்கன்னா சொன்னேன்?"

லெசியேலி ஸ்டியரிங்கைப் பார்த்தபடி இருந்தாள். லோசே மறுபக்கம் சுற்றிவந்து, கதவைத் திறந்து, தேங்காய் மூட்டைமேல் காலை வைத்து உட்கார்ந்துகொண்டாள். கொஞ்சநேரம் இருவரும் எதிர்வீட்டுத் தோட்டத்தைப் பார்த்தார்கள்.

"பாயெயா பாட்டிகிட்ட நீங்களே கேட்டீங்களாமே."

"கேட்டேன்."

"பயமா இல்லையா?"

"வாயைத் திறந்தா மழையைப் பத்தித்தான் வந்துச்சு. உனக்கு என்கிட்ட கேக்கும்போது பயமா இல்லையா?"

"இருந்துச்சு. வீட்டுக்கு வந்து வாந்திகூட எடுத்தேன்."

"வெளியில ஒண்ணும் தெரியலையே!"

"உங்க வீட்டுலதானே வளர்ந்தேன்" என்றாள் லோசே. அவள் காலில் அத்தையின் செருப்பு வார் போட்ட தடம் வெயிலில் பதிந்திருந்தது. லெசியேலி பார்த்தாள், சொல்லவில்லை. அந்தப் பெண்ணின் தலையைப் பிடித்துத் தன் தோளில் அழுத்தினாள். கொஞ்சம் பலமாகவே அழுத்தினாள். லோசே "கழுத்து அத்தை, கழுத்து" என்றாள், ஆனால் எடுக்கவில்லை.

உள்ளே போனபோது ஜேனட் போனில் மகளிடம் பேசிக்கொண்டிருந்தாள். "இல்ல ஹெதர், நான் குடிக்கல. கேக்குலதான் இருக்கு... இரு, அவங்ககிட்டயே குடுக்கிறேன்." போன் லெசியேலி கைக்கு வந்தது.

"ஆன்ட்டி, நான் என்னமோ ஆயிட்டேன்னு அம்மா சொல்றாங்க. என்ன ஆனேன்?"

"பிள்ளை பொறந்தா நீதான் அத்தை. முன்னாடி உக்காரணும்."

"அவ்வளவுதானா?"

"உன் அண்ணன் வீட்டுல எது புடிச்சிருக்கோ, எடுத்துக்கலாம். திருப்பிக் கேக்க மாட்டாங்க."

ஹெதர் குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"அவனோட அலுமினியப் படகு?"

"அதை முதல்ல எடு" என்றாள் லெசியேலி.

லோசே சோபாவில் விழுந்து சிரித்தாள். ஜேனட் தேநீர்க் கோப்பைகளைத் தேடி எந்த அலமாரியில் என்று கேட்டுக்கொண்டிருந்தாள். கிரெக் மட்டும் அங்கே இல்லை. பின்பக்கம் அவன் ஷெட் கதவை இழுத்துச் சாத்துகிற சத்தமும், அப்புறம் பூட்டுத் தேடுகிற சத்தமும் கேட்டது.